லேசரா, பெண்டிங் மெஷினா? அனுபவஸ்தர்கள் சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. வியாசர்பாடியில் சின்ன பேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறோம். கேட், கிரில்லில் தொடங்கி இப்போது பேனல் பெட்டி, மெஷின் கவர், கன்வேயர் பிரேம் வரை செய்கிறோம். மணலி, எண்ணூர் பக்கமிருந்து விசாரணை நன்றாகவே வருகிறது. வரும் வருஷம் ஒரு பெரிய மெஷின் போடலாம் என்று திட்டம்.

எது என்பதில்தான் இழுபறி. தகடு வெட்டுவதற்கு அம்பத்தூரில் லேபர் ஜாப், அதாவது கூலிக்கு வெட்டித் தரும் இடத்தில், கொடுக்கிறோம். வண்டி வாடகை ஒரு பக்கம், காத்திருப்பு ஒரு பக்கம். ஒரு ஓட்டை இரண்டு மில்லி தள்ளி விழுந்தாலும் மறுபடி அம்பத்தூர். அதனால் தகடு வெட்டும் ஃபைபர் லேசர் மெஷின்தான் வேண்டும் என்கிறான் தம்பி. எனக்கோ தயக்கம். லேசர் தனியாக வராது. சூட்டைத் தணிக்கும் சில்லர், கம்ப்ரசர், ஸ்டெபிலைசர், எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வெட்ட நைட்ரஜன் என்று ஒரு பட்டாளமே கூட வரும். தினம் அதற்குத் தீனி போட வேலை வேண்டுமே! தகடு வளைக்கும் சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டு) பெண்டிங் மெஷின் முதலில் போதும் என்பது என் கணக்கு.

கரண்ட் லோடு எல்.டி. (தாழ்வழுத்த) இணைப்பின் வரம்புக்குள் நின்றுவிடும், எச்.டி. (உயரழுத்த) இணைப்பு தேவைப்படாது. கடன்தான் கேள்வி. சிஜிடிஎம்எஸ்இ (சிறு தொழில் கடனுக்கு உத்தரவாதம் தரும் அறக்கட்டளை) உத்தரவாதத்தில் அடமானம் இல்லாமல் மெஷினுக்கு வாங்கியவர்கள் இருக்கிறீர்களா? பேங்க்கா, தமிழ்நாடு அரசின் தொழில் கடன் நிறுவனமான டிஐஐசியா, எது சுலபம்?

சொந்த லேசர் ஓட்டுகிறவர்கள் மாதம் எத்தனை மணி நேரம் ஓடினால் கடன் தவணைக்குக் கட்டுபடியாகும் என்று சொன்னால் பெரிய உதவி. மாதவரம், திருவொற்றியூர் பக்கம் யாராவது நேரில் பார்க்க விட்டால், ஞாயிற்றுக்கிழமை என்றாலும் தம்பியோடு வந்துவிடுகிறேன்.