சுழலும் பேனர்: லாட்ஜ் படத்தைத் தட்டினால் ஜீப் கணக்கில் ஏறுகிறது

கம்பம்மெட்டு:
எங்களுடையது கம்பம், குமுளி வட்டாரச் செய்தித் தளம். மேலே ஒரே இடத்தில் 5 பேனர், 4 செகண்டுக்கு ஒருமுறை மாறும்: குமுளி லாட்ஜ், தேக்கடி ஜீப், ஏலக்காய்க் கடை, திராட்சைத் தோட்டம், டிராவல்ஸ். லைப்ரரி எதுவும் இல்லை, வெறும் ஜாவாஸ்கிரிப்ட். ஒரே ஆங்கர் (லிங்க்), அதற்குள் ஒரே இமேஜ். செட்இன்டர்வலில் (குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்ப ஓடும் டைமர்) படத்தின் எஸ்ஆர்சியையும் (படக் கோப்பின் முகவரி) ஆங்கரின் ஹெச்ரெஃபையும் (லிங்க் போகும் முகவரி) மாற்றுகிறோம். மவுஸ் பேனருக்குள் வந்தால் (மவுஸ்என்டர்) நிறுத்தம், வெளியேறினால் (மவுஸ்லீவ்) ஓட்டம்.

லாட்ஜ் படத்தைத் தட்டினால் சில நேரம் ஜீப் பக்கம் திறக்கிறது, க்ளிக்கும் ஜீப் கணக்கில் ஏறுகிறது. மவுஸை நாலு தடவை உள்ளே வெளியே கொண்டுபோனால் பேனர் தறிகெட்டு ஓடுகிறது. போனில் ஒருமுறை தொட்டால் அப்படியே நின்றுவிடுகிறது. கார்த்திகை பிறந்தால் ஐயப்ப சீசன் விளம்பரம் வரும், அதற்குள் சரியாகணும். எந்த ஈவென்டில் (மவுஸ், தொடுதலை பிரவுசர் தெரிவிக்கும் அறிவிப்பில்) கைவைப்பது?

தேவாரம்:
தம்பி, முதல் சிக்கலுக்குக் காரணம் க்ளிக் ஈவென்ட் இல்லை. எஸ்ஆர்சியை மாற்றியதும் புதுப் படம் வந்துவிடாது. அது இறங்கி முடியும்வரை பிரவுசர் பழைய படத்தையே காட்டும். ஹெச்ரெஃபோ அந்த நொடியே மாறிவிட்டது. குமுளி மலைப்பாதையில் சிக்னல் இழுக்கும்போது இந்த இடைவெளி இரண்டு மூன்று செகண்ட்கூடப் போகும். பார்ப்பவர் கண்ணில் லாட்ஜ், விரலுக்கு அடியில் ஜீப். ஆபீஸ் வைஃபையில் சோதித்தால் இது தெரியவே தெரியாது. டெவ்டூல்ஸில் (பிரவுசருக்குள்ளேயே இருக்கும் சோதனைக் கருவி) நெட்வொர்க்கை 3ஜிக்கு இறக்கிப் பாருங்கள்.

5 பேனருக்கும் தனித்தனி ஆங்கர் வையுங்கள், ஒவ்வொன்றுக்கும் டேட்டா-ஐடி (அதன் அடையாளக் குறி). அடுத்த படத்தின் டீகோட் (இறங்கிக் காட்டத் தயாராவது) முடிந்த பிறகே அதை முன்னால் கொண்டுவாருங்கள். க்ளிக்கைக் கவனிக்கும் லிசனர், ஐந்தையும் சூழ்ந்த வெளி டிவ்வில் (பெட்டி) ஒன்றே போதும். ஈவென்டின் டார்கெட் (தட்டப்பட்ட உறுப்பு) பெரும்பாலும் இமேஜாகத்தான் வரும். அதிலிருந்து குளோசஸ்ட் (வெளிநோக்கித் தேடும் ஃபங்ஷன்) போட்டு ஆங்கரைப் பிடித்து ஐடியை எடுங்கள். 'இப்போது எத்தனையாவது பேனர்' என்ற குளோபல் எண்ணை நம்பி எண்ணாதீர்கள்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒபாசிட்டி 0 (முழுக்க ஒளி ஊடுருவும் நிலை) மட்டும் கொடுத்து மறைத்தால், கண்ணுக்குத் தெரியாத மேல் அடுக்குப் பேனரே எல்லா க்ளிக்கையும் வாங்கிக்கொள்ளும். மறைந்தவற்றுக்கு விசிபிலிட்டி ஹிடன் கட்டாயம். பாயின்டர்-ஈவென்ட்ஸ் நன் (மவுஸ், விரலைக் கண்டுகொள்ளாதே) போட்டாலும் மவுஸ் தப்பிக்கும், ஆனால் கீபோர்டில் டேப் அழுத்தினால் மறைந்த லிங்க்கில் போய் நிற்கும்.

இரண்டாவது சிக்கல், மவுஸ்லீவ் ஒவ்வொரு முறையும் புது செட்இன்டர்வல் பிறப்பிக்கிறது, பழையது சாகவில்லை. தொடங்கும் ஃபங்ஷனின் முதல் வரியே கிளியர்இன்டர்வலாக (பழைய டைமரை அழிப்பது) இருக்கட்டும். நான் செட்டைம்அவுட்டைத்தான் (ஒரே ஒருமுறை ஓடும் டைமர்) சொல்வேன். ஒரு மாற்றம் முடிந்தபின் அடுத்ததை அழைத்தால், படம் தாமதமானாலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது. அதிலும் பழைய டைமரை அழித்துவிட்டே தொடங்கணும்.

மூன்றாவது போன். விரல் பட்டதும் பிரவுசர் ஒப்புக்கு ஒரு மவுஸ்என்டர் அனுப்பும். மவுஸ்லீவ் வேறெங்காவது தொட்டால்தான் வரும். பாயின்டர்என்டருக்கு மாறி, பாயின்டர்டைப் (வந்தது மவுஸா விரலா என்று சொல்வது) மவுஸாக இருந்தால் மட்டும் நிறுத்துங்கள். லீவுக்கும் அதே மாதிரி.

கம்பம்மெட்டு:
நன்றி அண்ணே. அழுத்தி எடுப்பதற்குள் பேனர் மாறினால்?

தேவாரம்:
மவுஸில் அழுத்தியது ஓர் ஆங்கரில், எடுத்தது இன்னொன்றில் என்றால் க்ளிக் இரண்டுக்கும் பொதுவான டிவ்வில் விழும். குளோசஸ்ட் 'நல்' (null, எதுவும் கிடைக்கவில்லை) தரும், லிங்க் திறக்காது, ஆள் கடுப்பாவார். பாயின்டர்டவுனில் (அழுத்தியதும் வருவது) டைமரை நிறுத்தி, டாக்குமென்டில் பாயின்டர்அப் (எடுத்ததும் வருவது), பாயின்டர்கேன்சல் (ஸ்க்ரோல் போன்றவற்றால் தொடுதல் ரத்தானால் வருவது) இரண்டிலும் திரும்ப ஓட்டுங்கள். கேன்சலை விட்டுவிட்டால், பேனர்மேல் விரல் வைத்து ஸ்க்ரோல் செய்தவருக்கு அது நின்றது நின்றதுதான்.

நெடுங்கண்டம்:
கணக்கு பற்றி. கடைக்காரரிடம் காசு வாங்கும் எண்ணிக்கையை க்ளிக் ஈவென்டை மட்டும் வைத்துச் சொல்லாதீர்கள். நடு பட்டனால் திறந்தால் வருவது ஆக்ஸ்க்ளிக். லாங் பிரஸ் பண்ணி 'புதிய டேபில் திற' கொடுத்தால் க்ளிக்கே கிடையாது. ஹெச்ரெஃபை உங்கள் சர்வருக்கே கொடுத்து, அங்கே எண்ணிவிட்டு 302-ல் (தற்காலிகத் திருப்பல்) கடைப் பக்கத்துக்கு அனுப்புங்கள், கேஷ்-கன்ட்ரோல் நோ-ஸ்டோரோடு (பிரவுசரே, சேமித்து வைக்காதே). 301 (நிரந்தரத் திருப்பல்) போட்டால் பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை உங்கள் சர்வர் பக்கமே வராது. பாட்கள் (தானாக இணையத்தைச் சுற்றும் நிரல்கள்) இந்த முகவரியையும் சுற்றிவரும், அவற்றைக் கழித்துவிடுங்கள்.

எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதற்கு இன்டர்செக்‌ஷன்அப்சர்வர் (ஓர் உறுப்பு திரையில் எவ்வளவு தெரிகிறது என்று கவனிப்பது), த்ரெஷோல்ட் (எல்லை) 0.5. பேனரின் பாதி தொடர்ந்து 1 செகண்ட் திரையில் இருந்தால் ஒரு பார்வை; விளம்பரத் துறையில் பொதுவாக வைக்கும் அளவு அதுதான். அப்சர்வர் எல்லையைத் தாண்டும்போது மட்டும்தான் கூப்பிடும், 1 செகண்டை நீங்கள்தான் அளக்கணும். சுழலும் பேனரில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அந்த அளவு புதிதாகத் தொடங்கணும். விசிபிலிட்டிசேஞ்ச் ஈவென்டில் டேப் மறைந்தால் சுழற்சி, அளவு இரண்டையும் நிறுத்துங்கள். எண்ணியதை சர்வருக்கு அனுப்ப சென்ட்பீக்கன் (பக்கம் மூடினாலும் அனுப்பி முடிக்கும் கட்டளை). சாதாரண ஃபெட்ச் (வழக்கமாக சர்வரோடு பேசும் கட்டளை), பக்கம் மூடும்போது பாதியில் அறுந்துபோகும்.

கிளாஸ் பெயரில் 'ஆட்-பேனர்' என்று இருந்தால் மாற்றுங்கள். விளம்பரத் தடுப்பான் அந்தப் பெயரைப் பார்த்தே டிவ்வைத் தூக்கிவிடும், நீங்கள் ஈவென்டைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். தானாக ஓடுவது 5 செகண்டைத் தாண்டினால், பட்டன் போல நிறுத்த ஒரு வழி வேண்டும் என்று டபிள்யூசிஏஜி (எல்லோரும் பயன்படுத்தக்கூடிய தளங்களுக்கான வழிகாட்டி) 2.2.2 சொல்கிறது. மவுஸ் வைத்தால் நிற்பது அதற்கு ஈடாகாது, போனில் மவுஸ் ஏது?