காயின் பாக்ஸ் அனுபவங்கள்: காசு விழ வேண்டிய நேரம் எது?

வேலூர், ஓய்வுபெற்ற தொலைபேசித் தொழில்நுட்பர்:

காசு போட்டுப் பேசும் போன் என்றதும் எல்லோரிடமும் ஒரு கதை இருக்கும். காதலோ தேர்வு முடிவோ அதில் கட்டாயம் வந்துவிடும். அவற்றை இந்த முறை விட்டுவிடுவோம். பெட்டியைத் திறந்து பார்த்தவர்கள், அதோடு மல்லுக்கட்டியவர்கள், அதை ஏமாற்றியவர்கள் எழுதுங்கள். அந்தப் பெட்டிகளைப் பழுது பார்ப்பதிலேயே என் பணிக்காலத்தின் பெரும்பகுதி போனது.

என் கட்சி இதுதான். காசை வாங்கிக்கொள்ளும் இயந்திரம் செய்வது பெரிய வித்தை அல்ல. ரயில் நிலையத்து எடை பார்க்கும் இயந்திரம் காசை விழுங்கியதும் அட்டையைத் துப்பிவிடும், கணக்கு முடிந்தது. போனில் அப்படி முடியாது. காசு போட்டவருக்குச் சரக்கு கிடைக்குமா என்பது பெட்டிக்கே தெரியாது. எதிர்முனையில் வேறு யாரோ பேசிக்கொண்டிருக்கலாம். மணி அடித்தும் ஆள் எடுக்காமல் போகலாம். முதலிலேயே காசை எடுத்துக்கொண்டால் பேசாதவர் சண்டைக்கு வருவார். முடிந்த பிறகு கேட்டால் பேசியவர் நழுவிவிடுவார். எந்த நொடியில் காசு உண்டியலுக்குள் விழ வேண்டும்? இந்தக் கேள்விக்காகத்தான் நெம்புகோலையும் ரிலே என்னும் மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சையும் மணியையும் மாற்றி மாற்றி அமைத்துப் பார்த்தார்கள்.

அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் 1889இல் வில்லியம் கிரே ஒரு வங்கியில் நிறுவிய முதல் காசு போன், அழைப்புக் கிடைத்த பிறகு காசு போடும் வகை. பின்னர் வந்த பெட்டிகளில் காசு உருண்டு போகும் வழியில் மணி இருக்கும். ஆபரேட்டர் மணியோசையைக் காதால் எண்ணி இணைப்புக் கொடுப்பார். கிரே பேஸ்பால் ஆட்டக்காரர்களுக்கு மார்புக் கவசமும் வடிவமைத்தவர். அடி எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று யோசித்துப் பழகியவர்; காசு போனுக்குப் பொருத்தமான ஆள்தான்.

சென்னை, பள்ளி ஆசிரியை:

ஐயா, ஏமாற்றியவர்கள் பட்டியலில் என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எண்பதுகளில் கல்லூரி விடுதி வாசலருகே ஒரு காசு பெட்டி இருந்தது. உள்ளூர் அழைப்பு மட்டும்தான். எண்ணைச் சுழற்றினால் மணி அடிக்கும், எதிரில் எடுப்பவர் “ஹலோ” என்பது நன்றாகக் கேட்கும். நாம் பேசுவது மட்டும் அவருக்குக் கேட்காது. காசைத் தள்ளிய பிறகுதான் நம் குரல் போகும்.

மயிலாப்பூரில் இருந்த என் சித்திதான் எனக்குப் பொறுப்பாளர். அவரோடு ஓர் உடன்பாடு. ஒருமுறை “ஹலோ” கேட்டதும் நான் வைத்துவிட்டால், ஊரிலிருந்து பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன் என்று பொருள். உடனே மறுபடியும் அடித்து வைத்தால், ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துப் போக வேண்டும். காசு செலவே கிடையாது. சித்தப்பாவுக்கு இது பிடிக்காது. யாரோ விளையாடுகிறார்கள் என்று போனை எடுத்து வசை பாடுவார். அதையும் கேட்டுச் சிரித்துவிட்டு வைப்பேன்.

இன்னொரு வித்தையை மூத்த மாணவி ஒருவர் கற்றுக்கொடுத்தார். வாயில் வைக்கும் பக்கம் வேலை செய்யவில்லையென்றால் என்ன, காதில் வைக்கும் பக்கத்துக்குள் கத்து என்றார். கத்தினோம். எதிர்முனைக்கு மிக மெலிதாகக் கேட்டது! போனைத் தலைகீழாகப் பிடித்து “அப்பா பணம் அனுப்பினாரா?” என்று அலறும் பெண்களைப் பார்த்து எங்கள் காவலாளி என்ன நினைத்தாரோ. அது ஏன் கேட்டது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

வேலூர், ஓய்வுபெற்ற தொலைபேசித் தொழில்நுட்பர்:

டீச்சர், காதில் வைக்கும் பகுதியில் ஒரு காந்தமும் கம்பிச் சுருளும் மெல்லிய தகடும் இருக்கின்றன. மின்சாரம் வந்தால் தகடு அதிர்ந்து ஒலி கேட்கும். அதே தகட்டை நீங்கள் கத்தி அதிரச் செய்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும். பெட்டி உங்கள் ஒலிவாங்கியை மட்டும்தான் அடைத்திருந்தது. எதிராளியின் “ஹலோ” உங்களுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகக் கேட்கும் பாதையைத் திறந்தே விட்டிருந்தார்கள். நீங்கள் அதே பாதையில் எதிர்த்திசையில் போயிருக்கிறீர்கள். பின்னாளில் நான் கையாண்ட மின்னணுப் பெட்டிகளில், காசு விழாவிட்டால் பேச்சுப் பாதை முழுவதையுமே அடைத்துவிடும் அமைப்பு இருந்தது. உங்கள் விடுதித் தோழிகளின் புண்ணியம்.

எதிரில் எடுத்துவிட்டார் என்பது பெட்டிக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அவர் ரிசீவரை எடுத்தவுடன் எக்ஸ்சேஞ்ச், அதாவது தொலைபேசி இணைப்பகம், அழைத்தவருடைய லைனில் மின்னோட்டத்தின் திசையை மாற்றிவிடும். நாங்கள் ‘ரிவர்சல்’ என்போம். பெட்டிக்குள் இருக்கும் ரிலே அதைக் கண்டதும் ஒலிவாங்கியை அடைக்கும், காசு விழுந்ததும் திறக்கும். காசு போன் பழுது என்று வரும் புகார்களில் பாதி ரிவர்சல் கோளாறுதான். பெட்டியைத் திறந்து துடைத்துக்கொண்டிருப்போம். குற்றவாளி எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருக்கும்.

இங்கிலாந்து, பழைய கருவிகள் சேகரிப்பவர்:

ரிவர்சலை மட்டும் நம்பாமல் மனிதனின் விரலை நம்பியவர்கள் பிரிட்டிஷ்காரர்கள். 1925இல் இங்கே வந்த பெட்டியில் ஏ, பி என்று இரண்டு பொத்தான்கள். என்னிடம் ஒன்று இருக்கிறது; வீட்டுக்கு வருபவர்களுக்கெல்லாம் செய்து காட்டி மனைவியின் பொறுமையைச் சோதித்துக்கொண்டிருக்கிறேன்.

பென்னிக் காசுகளைப் போட்டால் அவை தராசு போன்ற ஒரு கைமீது போய் நிற்கும். போதிய எடை சேர்ந்தால் கை சாய்ந்து சுழல்தட்டு வேலை செய்யும். மறுமுனையில் குரல் கேட்டதும் ஏ பொத்தானை அழுத்த வேண்டும். காசுகள் உண்டியலில் விழும், ஒலிவாங்கி உயிர் பெறும். யாரும் எடுக்கவில்லையென்றால் பி பொத்தான்; காசுகள் கீழே உள்ள கிண்ணத்துக்குத் திரும்பும். ஆக, காசு எப்போது விழ வேண்டும் என்பதைப் பேச வந்தவரே முடிவு செய்கிறார்.

எனக்குப் பிடித்தது பி பொத்தான்தான். அதை அழுத்தும்போது உள்ளே ஒரு கடிகாரப் பொறி முறுக்கேறும். அது அவிழும் சில நொடிகளுக்கு லைனைத் துண்டித்தே வைத்திருக்கும். காசைத் திரும்ப வாங்கிக்கொண்டு அதே அழைப்பில் தொடர முடியாதபடி எக்ஸ்சேஞ்ச் இணைப்பை விட்டுவிட வேண்டும், அதற்காக. அந்தப் பொறியின் சத்தத்தைக் கேட்க ஒரு சுகம் இருக்கிறது. காசைத் திரும்ப வாங்க மறந்து போனவர்களும் உண்டு. அதனால் வழியில் கண்ட பெட்டிகளிலெல்லாம் நுழைந்து பி பொத்தானை அழுத்திப் பார்ப்பது சிறுவர்களின் வருமான வழியாக இருந்தது. என் பக்கத்து வீட்டுப் பெரியவர் தம் முதல் சம்பளம் அதுதான் என்பார்.

சுழல்தட்டைப் பூட்டினால் என்ன, ரிசீவர் தொங்கும் கொக்கியையே தட்டித் தட்டி எண்ணைச் சுழற்றியவர்களும் இருந்தார்கள். ஒன்பதுக்கு ஒன்பது தட்டு. தாளம் தப்பினால் வேறு யார் வீட்டிலோ மணி அடிக்கும்.

இதில் இன்னொரு செய்தி. 1937இல் லண்டனில் அவசர உதவிக்கு 999 என்ற எண்ணைத் தேர்ந்தெடுத்ததற்கு இந்தப் பெட்டியும் ஒரு காரணம். ஆபரேட்டரை அழைக்கும் சுழியம் மட்டும் காசில்லாமல் சுழலும்படி சுழல்தட்டு ஏற்கெனவே அமைந்திருந்தது. பக்கத்துத் துளையான ஒன்பதுக்கும் அந்தச் சலுகையை நீட்டுவது எளிதாக இருந்தது. வேறு எண் என்றால் நாடு முழுவதும் பெட்டிகளோடு போராட வேண்டியிருந்திருக்கும்.

1959இல் பொத்தான்களுக்கு விடை கொடுத்து, எதிரில் எடுத்த பிறகு காசு தள்ளும் வகையைக் கொண்டுவந்தார்கள். எடுத்ததும் இரு முனையிலும் ‘பிப் பிப்’ ஒலி. அதுவரை காசுத் துளை பூட்டியிருக்கும். டீச்சரின் சித்தி வித்தை இங்கும் நடந்தது. அந்த ஒலி கேட்டாலே, மகன் ஸ்டேஷனில் இறங்கிவிட்டான், காரை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று வீட்டாருக்குத் தெரிந்துவிடும்.

தூத்துக்குடி, கடை உரிமையாளர்:

அண்ணாச்சிமார்களே, நீங்கள் எல்லாம் பெட்டியை வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் பார்த்தவர்கள். நான் அதற்குப் பில் கட்டியவன். மளிகைக் கடை வாசலில் சிவப்பு நிற ஒரு ரூபாய் போன் வைத்திருந்தேன். மாதக் கடைசியில் பில்லில் உள்ள கணக்கும் உண்டியலில் உள்ள காசும் பொருந்திய மாதமே இல்லை.

ஐயா சொன்ன ரிவர்சல் எங்கள் வாழ்க்கையையே ஆட்டிப்படைத்தது. லைனில் அது வராத நாளில் வாடிக்கையாளர் காசில்லாமல் பேசிக்கொண்டே இருப்பார். எக்ஸ்சேஞ்சில் மீட்டர் ஓடும். போன் நன்றாக வேலை செய்கிறது என்று ஊரே பாராட்டும். கூட்டம் சேருவதைப் பார்த்துத்தான் எனக்குப் பழுது என்று புரியும்.

முதலில் வைத்த பெட்டியில் காசு நேர்க்கோட்டில் சறுக்கி விழும். எங்கள் ஊர்ப் பையன்களுக்கு அது போதாதா? ஒரு ரூபாயில் ஊசித்துளை போட்டு, தூண்டில் நரம்பைக் கட்டி இறக்குவார்கள். காசு உள்ளே இருக்கும் விசையைத் தொட்டதும் மேலே இழுத்துக்கொள்வார்கள். ஒரே காசில் ஊர்க்கதை முழுவதும் பேசி முடிப்பார்கள். அடுத்து வந்த பெட்டியில் காசு போகும் வழி வளைந்திருந்தது. நடுவில் ஒரு சிறு கதவு. காசு தாண்டியதும் அது பின்பக்கம் சாத்திக்கொள்ளும், எதிர்த்திசையில் திறக்காது. முதல் வாரத்தில் உண்டியலைத் திறந்தபோது நரம்போடு சேர்ந்த காசுகள் கிடந்தன. நரம்பை மீனவர் ஒருவரிடம் கொடுத்தேன். காசைக் கல்லாவில் போட்டேன்.

ஆனால் இரும்பு வாஷருக்கு முடிவே இல்லை. காசளவு வாஷரைத் தட்டி ஓட்டையை ஈயத்தால் அடைத்துக் கொண்டு வருவார்கள். அந்த உழைப்புக்கு ஒரு ரூபாயைவிட அதிகம் கூலி ஆகும் என்று சொன்னாலும் கேட்கமாட்டார்கள். உப்புக் காற்று வேறு. காசு உருளும் தகட்டில் துரு ஏறினால் நல்ல காசு பாதி வழியில் நின்றுவிடும். அடுத்தவர் கையால் ஓங்கி அறைவார், இரண்டும் சேர்ந்து விழும். அந்த அறையைத் தாங்கும் பெட்டியைத்தான் நான் நல்ல பெட்டி என்பேன்.

நியூ ஜெர்சி, மென்பொருள் துறை:

தூத்துக்குடி அண்ணாச்சி சொன்ன கதவும் வளைவும் இங்கும் இருந்தன. பழம்பொருள் சந்தையில் மூன்று துளைப் பெட்டி ஒன்றை வாங்கிப் பிரித்தேன். ஐந்து சென்ட் போட்டால் மணி ஒருமுறை, பத்து சென்டுக்கு இருமுறை, இருபத்தைந்துக்குக் கனத்த ஓசையுள்ள காங். அந்தக் காலத்துக் குறும்பர்கள் பக்கத்து போனில் காசு போட்டுத் தங்கள் ரிசீவரை அதன் அருகில் நீட்டுவார்களாம். ஆபரேட்டர் ஓசையைக் கேட்டு இணைப்பார். பக்கத்துப் பெட்டி காசைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

என்னை மயக்கியது மணி அல்ல, அதற்குக் கீழே இருந்த ரிலே. காசுகள் ஒரு சிறு கதவின்மேல் காத்திருக்கும். அழைப்பு முடிந்ததும் எக்ஸ்சேஞ்ச் நூறு வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தை அனுப்பும். அது ஒரு திசையில் வந்தால் கதவு ஒரு பக்கம் சாய்ந்து காசு உண்டியலுக்குப் போகும்; எதிர்த்திசையில் வந்தால் மறுபக்கம் சாய்ந்து நமக்கே திரும்பும். ஒரே சுருள், ஒரே கதவு, இரண்டு தீர்ப்பு. ஐயா கேட்ட கேள்விக்கு இதைவிடச் சுத்தமான விடையை நான் பார்க்கவில்லை. பிரிட்டிஷ் பொத்தான் அழகுதான். ஆனால் முடிவை வாடிக்கையாளர் கையில் விட்டது எனக்கு ஒப்பவில்லை.

ஒரு குறை உண்டு. காசு விழுந்தால்தான் டயல் டோனே வரும். கையில் காசில்லாதவர் தீயணைப்பு நிலையத்தைக்கூட அழைக்க முடியாது. அறுபதுகளில் ஒற்றைத் துளைப் பெட்டிகள் வந்த காலத்தில்தான் டோனை முதலில் கொடுக்கும் முறையைச் சோதித்தார்கள். 1968இல் அவசர உதவி எண்ணாக 911 வந்தபோது அது அவசியமாகிவிட்டது. மேலும், காசுக்குப் பதில் ரிசீவர் கம்பியில் ஊசியைக் குத்தி, மறுமுனையைப் பெட்டியின் உலோகத்தில் தொட்டு டோன் வாங்கியவர்களும் இருந்தார்கள். ரிசீவர் கம்பிக்கு உருக்குக் கவசம் போட்டது யாரும் அறுத்துக்கொண்டு போகாமலிருக்க மட்டுமல்ல.

வேலூர், ஓய்வுபெற்ற தொலைபேசித் தொழில்நுட்பர்:

வாஷர் விஷயத்தில் அண்ணாச்சிமீது எனக்கு இரக்கம் உண்டு. அமெரிக்கப் பெட்டிகளில் காந்தம் ஒன்று இருக்கும். இரும்பு வில்லை அதில் ஒட்டிக்கொள்ளும். வெள்ளி, செம்புக் காசுகள் காந்தத்தைக் கடக்கும்போது சற்று வேகம் குறையும். ஈயம் அவ்வளவு குறையாது. பிறகு ஒரு கட்டையில் மோதித் துள்ளும் தூரத்தை வைத்தே நல்லதும் பொய்யும் பிரிந்துவிடும். மின்சாரமே தேவையில்லை.

அதை நம் ஊரில் வைத்தால் என்ன ஆகும்? 1992 முதல் வந்த ஒரு ரூபாய் துருப்பிடிக்காத எஃகு; காந்தத்தில் ஒட்டும். அதற்கு முந்தைய செம்பு நிக்கல் ரூபாய் ஒட்டாது. எடையும் வேறு: பழையது 6 கிராம், எஃகு 4.85 கிராம். இரண்டுமே செல்லுபடியாகும் காலத்தில் பெட்டி இரண்டையும் வாங்க வேண்டும். காந்தச் சோதனையை வைத்தால் நல்ல காசே திரும்பி வரும். எடுத்துவிட்டால் வாஷர் உள்ளே போகும். வடிவமைத்தவர்களைக் குறை சொல்லாதீர்கள். காசை மாற்றியவர்கள் போனை நினைக்கவில்லை.

2011இல் அதைவிட வேடிக்கை. புதிய ஒரு ரூபாய் 22 மில்லிமீட்டருக்குச் சுருங்கியது. புதிய இரண்டு ரூபாயோ பழைய எஃகு ரூபாயின் அதே 25 மில்லிமீட்டர், அதே 4.85 கிராம். பெட்டி புதிய ரூபாயை ஏற்காது, இரண்டு ரூபாயை ஒரு ரூபாய் என்று நம்பி வாங்கிக்கொள்ளும். அண்ணாச்சிக்குக் கடைசி காலத்திலாவது லாபம் வந்திருக்க வேண்டும்.

தூத்துக்குடி, கடை உரிமையாளர்:

வந்தது ஐயா. ஆனால் அதற்குள் எல்லோர் சட்டைப் பையிலும் செல்போன் வந்துவிட்டது.

கோயம்புத்தூர், பொறியியல் மாணவர்:

எல்லோருக்கும் வணக்கம். பழைய இரும்புக் கடையில் ஒரு ரூபாய் போன் ஒன்றை வாங்கியிருக்கிறேன். வீட்டு ஃபைபர் இணைப்பில் மாட்டினால் டோன் வருகிறது, மறுமுனையில் பேசுவதும் கேட்கிறது. ஆனால் காசு கேட்பதே இல்லை. எங்கே தொடங்குவது ஐயா?

வேலூர், ஓய்வுபெற்ற தொலைபேசித் தொழில்நுட்பர்:

தம்பி, உங்கள் இணைப்பு பெரும்பாலும் ரிவர்சல் கொடுக்காது. அதனால் எதிரில் எடுத்தது பெட்டிக்குத் தெரியவே தெரியாது. லைனுக்கும் பெட்டிக்கும் நடுவே, இரண்டு கம்பிகளையும் ஒரே நேரத்தில் இடம் மாற்றும் சுவிட்ச் ஒன்றைப் போடுங்கள். எதிரில் அழைப்பை எடுத்தவுடன் அந்தச் சுவிட்சைத் திருப்பினால் பெட்டி ரிவர்சல் வந்ததாக எண்ணிக் காசு கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ரிலேயின் தொடுமுனைகளைப் பாருங்கள். காசு போகும் வழிக்கு எண்ணெய் விடாதீர்கள். தூசி ஒட்டிக்கொண்டு காசு நின்றுவிடும். ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தால் போதும். சோதிக்க 2011க்கு முந்தைய எஃகு ரூபாய் வேண்டும். முதலில் உண்டியல் சாவி இருக்கிறதா என்று இரும்புக் கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் உண்டியலைக் கழற்றி வெளியே எடுத்துவிட்டுச் சோதியுங்கள்.