வாசிப்புக் குடும்பம்: ‘கார்மில்லா’ தொடங்கறவங்களுக்கு

நிவேதா: அத்தை, லெ ஃபானு எழுதின ரத்தக்காட்டேரிக் கதை ‘கார்மில்லா’ மொத்தம் 16 அத்தியாயம், அதுக்கு முன்னாடி ஒரு முன்னுரை. எப்படிப் பிரிச்சுப் படிக்கலாம்?

கலா அத்தை: நாலு இருப்பா வெச்சுக்கோ. முன்னுரையோட 1-3, அப்புறம் 4-6, 7-9, கடைசியா 10-16. நாலாவது நீளம்தான், ஆனா நடுவுல நிறுத்தாதே. லாராவோட அப்பாவுக்கு நண்பரான தளபதி சொல்ற கதை அதுக்குள்ளதான் வருது, துண்டு துண்டாப் படிச்சா பிடி விட்டுப் போயிடும்.

கலா அத்தை: முன்னுரை அரைப் பக்கம்தானேன்னு தாண்டிடக்கூடாது. கதை சொல்ற லாரா இப்ப உயிரோட இல்லைங்கிற தகவல் அதுல மட்டும்தான் இருக்கு.

செல்வம்: 10க்கு மேல அலுப்புத் தட்டுதே அத்தை. லாராவுக்கு நடந்ததையே தளபதி மறுபடி சொல்றார்.

முரளி மாமா: அந்த ‘மறுபடி’யிலதான் விஷயமே இருக்கு செல்வம். ஒரு தாளை ரெண்டாப் பிரிச்சுக்கோ. இடது பக்கம் லாரா வீடு, வலது பக்கம் தளபதி வீடு. விருந்தாளியா கார்மில்லா எப்படி வந்தா, அவ அம்மா என்ன அவசரம் சொல்லி விட்டுட்டுப் போனா, எத்தனை மணிக்கு அறையை விட்டு வெளியே வர்றா, பூட்டின கதவுக்குள்ளேர்ந்து எப்படிக் காணாமப் போறா. ரெண்டு பக்கமும் வரிக்கு வரி பொருந்தும். லாரா வெட்கப்பட்டுச் சொல்லாம விட்டதைத் தளபதி கோபத்துல சொல்லிடறார்.

எழில்: மாமா, பேர் விளையாட்டு? கார்மில்லா, மில்லார்கா, மிர்கல்லான்னு அவளுக்கே மூணு பேர், இங்கிலீஷ்ல மூணுக்கும் ஒரே எட்டு எழுத்து. தமிழ்ல எழுதினா அது போயிடாதா?

முரளி மாமா: எழுதிப் பாரு. கார்மில்லா: கா, ர், மி, ல், லா. மில்லார்கா: மி, ல், லா, ர், கா. அப்படியே இருக்கு! மிர்கல்லாவுல மட்டும் ‘கா’ குறுகி ‘க’ ஆயிடுது. தமிழ்ல இவ்வளவு தூரம் தங்கறது பெரிய விஷயம்.

நிவேதா: 5ஆவது அத்தியாயத்துல மிர்கல்லாவோட பழைய ஓவியம் வருதே, அதுல இருக்கிற வருஷத்தைக் குறிச்சு வெக்கணுமா?

கலா அத்தை: கட்டாயம். ஓவியத்துல 1698. 15ல அவ கல்லறையைத் திறக்கும்போது, புதைச்சு 150 வருஷம் ஆச்சுன்னு வரும். கூட்டினா 1848 சுற்றி வருது. கதை எந்த வருஷம் நடக்குதுன்னு புத்தகம் நேராச் சொல்லாது, நாமதான் கணக்குப் போடணும்.

கலா அத்தை: அந்தக் கணக்கு ஏன் முக்கியம்னா, இடம் ஆஸ்திரியாவோட ஸ்டைரியா. மகாராணி மரியா தெரேசா 1755லயே ஆணை போட்டாச்சு, ரத்தக்காட்டேரின்னு சொல்லி ஊர்க்காரங்களோ பாதிரிமாரோ தாங்களாக் கல்லறையைத் தோண்டக்கூடாதுன்னு. அதனாலதான் 15ல மருத்துவர்கள், அரசு ஆணையம், கையெழுத்துப் போட்ட அறிக்கைன்னு அத்தனை சடங்கு. தலையை வெட்டறதைவிட அந்த அலுவலக நடை எனக்கு அதிக நடுக்கம் தருது.

எழில்: இதைக் குயர் கதை, அதாவது ஒரே பாலினக் காதல் கதைன்னு சொல்றது இன்னைக்கு நாம ஒட்டற பட்டமா, இல்ல எழுதினப்பவே இருந்ததா?

முரளி மாமா: எழுத்துலயே இருக்கு. 4ஆவது அத்தியாயம் எடு. கார்மில்லா கட்டிப் பிடிச்சு முத்தம் கொடுக்கறா, லாரா அதைக் காதலனோட வேட்கைன்னே சொல்றா. பிடிக்கவும் செய்யுது, அருவருப்பாவும் இருக்கு, ரெண்டையும் ஒரே மூச்சுல ஒத்துக்கறா. பெண் வேஷம் போட்ட பையனோன்னுகூட யோசிக்கறா. கதைப் புத்தகத்துல அப்படித்தான் படிச்சிருக்கா, தனக்கு நடக்கறதுக்குப் பேர் வெக்க அவகிட்ட வேற சொல் இல்லை.

முரளி மாமா: ‘ஹோமோசெக்ஷுவல்’ங்கிற சொல்லே கெர்ட்பெனிங்கிற எழுத்தாளர் 1869ல ஜெர்மன்ல அச்சிட்ட பிரசுரத்துலதான் வருது. லெ ஃபானுவோட கதை 1871-72ல லண்டன் பத்திரிகையில தொடரா வந்து, 1872லயே தொகுப்புல சேர்ந்தது. ‘டிராகுலா’வுக்கு 25 வருஷம் முன்னாடி.

கலா அத்தை: சட்டத்தையும் சேர்த்துப் பார். ஒரே பாலின உறவைக் குற்றமாக்கி இங்கிலாந்துல 1885ல வந்த சட்டப் பிரிவு ஆண்களை மட்டும்தான் சொன்னது. ஆஸ்திரியாவோட 1852 தண்டனைச் சட்டம், பிரிவு 129, பெண்களையும் சேர்த்தே தண்டிச்சது, 1971 வரைக்கும். இந்தக் கதை எழுதினப்ப, அது நடக்கிற மண்ணுல ரெண்டு பெண்களோட நெருக்கம் குற்றம். பல பேர் இங்கிலாந்துச் சட்டத்தை வெச்சு இந்தக் கதையைப் படிச்சுத் தப்புப் பண்றாங்க.

செல்வம்: தமிழ்ல யாராவது மொழிபெயர்த்தா எதைப் பார்த்துத் தரம் தெரிஞ்சுக்கறது?

கலா அத்தை: அதே 4ஆவது அத்தியாயப் பத்திதான். ‘காதலன்’ போய் ‘தோழி’, ‘வேட்கை’ போய் ‘பாசம்’னு வந்திருந்தா மூடி வெச்சுடு. அப்புறம் 6ல பயம் மட்டும் மிஞ்சும், ஈர்ப்பு இருக்காது. லாரா ஏன் யார்கிட்டயும் சொல்லாம நோயை வளர விட்டாங்கிறது புரியவே புரியாது. சுருக்கப் பதிப்பும் வேண்டாம், வெட்டறவங்க முதல்ல கை வெக்கிறது இந்தப் பத்தியிலதான்.

நிவேதா: பயப்படற பகுதி எங்கெங்கே? சின்னவங்களும் இந்தக் குழுவுல இருக்காங்க.

முரளி மாமா: 1ல ஆறு வயசுக் குழந்தைக்கு மார்புல ஊசி குத்தற மாதிரி வலி. 6ல கரும்பூனை மாதிரி ஒரு மிருகம், நாலஞ்சு அடி நீளம். 15ல கல்லறை, ஈயப் பெட்டிக்குள்ள ஏழு அங்குல ரத்தம், ஆப்பு, தலை. 3ல வண்டிக்குள்ள இருக்கிற கறுப்பினப் பெண்ணைப் பத்தின வர்ணனை அசிங்கமான இனவெறி, முன்கூட்டியே சொல்லி வெக்கணும்.

எழில்: கடைசியில கார்மில்லாவைக் கொன்னுடறாங்க. அப்போ ‘இந்தக் காதல் தப்பு, அழிச்சாச்சு’ன்னுதானே கதை முடியுது?

கலா அத்தை: கொல்றவங்க யாருன்னு பார் எழில். தளபதி, பாரன்ங்கிற பட்டம் உள்ள ஒரு பிரபு, மருத்துவர்கள், எல்லாரும் ஆண்கள். லாராவுக்கு அங்க இடமே இல்லை, அறிக்கையோட நகலைப் பார்த்துத்தான் அவ நமக்குச் சொல்றா. அசுரத்தனத்தைப் பெண் காதல் மேல ஏத்தினது உண்மை, அதை நான் மன்னிக்கலை. ஆனா கடைசிப் பத்தியைப் படி. பத்து வருஷத்துக்கு மேல ஆகியும், கூடத்துக் கதவுகிட்ட கார்மில்லாவோட மெல்லிய காலடி கேக்குதோன்னு லாரா திடுக்கிடறா. சாம்பலை ஆத்துல கரைச்சவங்களால அதை எடுக்க முடியலை.

முரளி மாமா: அதைப் படிச்ச கையோட முன்னுரைக்குத் திரும்பணும். இவ கடிதம் எழுதினதுக்கும், பதிப்பாளர் அவளைத் தேடினதுக்கும் நடுவுல செத்துட்டா. எப்படின்னு எங்கயும் இல்லை.

எழில்: அய்யோ மாமா. அப்போ அந்தக் காலடி…

கலா அத்தை: முதல்ல 1-3 முடி.