ஒரே தெரு, ஆனால் வேன் எதிர் வீட்டுக்குக் காலையில், எனக்குச் சாயங்காலம். யார் முடிவு செய்வது?

குரோம்பேட்டைவாசி:
பத்து மணிக்கே பார்சல் வேன் எதிர் வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறது. என் பார்சலும் கிளம்பிவிட்டதாகத்தான் செயலி காட்டுகிறது, வருவதோ விளக்கு வைக்கும் நேரத்தில். வரிசையைப் போடுவது ஓட்டுநரா, கம்ப்யூட்டரா?

ஹப்காரன்:
அது உங்கள் பார்சல் இருக்கும் வேன்தானா என்று முதலில் பாருங்கள். பார்சல்கள் வந்து சேரும் கிடங்கான ஹப்பில் பின்கோடு பார்த்துத்தான் பிரிப்போம். 1972-ல் தபால்துறை கடிதங்களுக்காகக் கொண்டுவந்த அந்த ஆறு இலக்கம்தான் இன்றைக்குத் தனியார் கூரியருக்கும் அடிப்படை. ஒரு பின்கோடுக்குள்ளேயே பல ரூட் இருக்கும், ஃபிரிட்ஜ் மாதிரி பெரிய சாமானுக்கு வண்டியே தனி. எதிரெதிர் வீடுகள் வேறு வேறு வண்டியில் விழுவது சாதாரணம்.

நிரலாளன்:
ரூட்டுக்குள் வரிசை போடுவது மென்பொருள். பத்து வீடு என்றாலே 36,28,800 விதமாகச் சுற்றலாம், நூறு வீட்டுக்கு எல்லா வழியையும் சோதிக்க எந்தக் கம்ப்யூட்டராலும் முடியாது, அதனால் ஓரளவு நல்ல வழி கிடைத்ததும் எடுத்துக்கொள்ளும். தூரம் மட்டும் கணக்கில்லை, யாராவது மாலை நேரம் கேட்டிருந்தால் அதற்கேற்ப மற்றவர்களும் நகர்வார்கள். அமெரிக்காவில் யூபிஎஸ் என்ற பார்சல் நிறுவனத்தின் வண்டிகள் இடது பக்கம் திரும்புவதை முடிந்தவரை தவிர்க்கும், ஏனென்றால் அங்கே அது எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கே கடப்பது. நம் ஊரில் வலது பக்கம் அப்படி.

வேன் ஓட்டுபவர்:
செயலி வரிசை தரும், சரி. ஆனால் ஸ்கூல் விடும் நேரத்தில் அந்தத் தெருவுக்குள் வேன் நுழையாது என்பது அதற்குத் தெரியாது. நிறுத்த ஒரு இடம் கிடைத்தால் சுற்றியுள்ள வீடுகளை நடந்தே முடித்துவிடுவோம், வரிசை எப்படி இருந்தாலும். சென்னையில் பழைய எண், புதிய எண் என்று வேறு இரண்டு இருக்கிறது, ஒன்றை மட்டும் போட்டால் தேடி அலைய வேண்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போகும். தம்பி, செயலி மேப்பில் உங்கள் வீட்டுப் புள்ளி வாசலில் விழுகிறதா, பின்தெருவில் விழுகிறதா? பின்தெரு என்றால் உங்கள் முறையே வேறு நேரத்தில் வரும்.

நிரலாளன்:
அண்ணன் சொல்வதுதான் முக்கியம். 2021-ல் அமேசானும் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய போட்டியே இதற்குத்தான்: குறைந்த தூரத்தைக் கண்டுபிடிப்பதற்கு அல்ல, அனுபவமுள்ள ஓட்டுநர்கள் நிஜத்தில் போன வரிசையைக் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்வதற்கு.

குரோம்பேட்டைவாசி:
பார்த்தேன் அண்ணே, புள்ளி பின்தெருவில்தான் விழுகிறது. இப்போதே மாற்றிவிடுகிறேன், இரண்டு எண்ணையும் சேர்த்து.