பிளாசிபிள் என்றால் 'நம்பத்தகுந்த' தானா?

வைகைக்கரை:
ஆங்கில அறிக்கைகளைத் தமிழில் பெயர்ப்பது என் வேலை. போன வாரம் ஒரு கிடங்குத் தீ விபத்து அறிக்கை வந்தது. அதில் மின்கசிவை 'பிளாசிபிள்' ஆன விளக்கம் என்று எழுதியிருந்தார்கள். அகராதியைப் பார்த்து 'நம்பத்தகுந்த விளக்கம்' என்று போட்டேன். சரிபார்த்தவர் அதை அடித்துவிட்டு, "இப்படி எழுதினால் மின்கசிவுதான் காரணம் என்று முடிவுகட்டின மாதிரி ஆகிவிடும், அவர்கள் அப்படிச் சொல்லவே இல்லை" என்றார். ஆனால் இரண்டு பக்கம் தள்ளி 'கிரெடிபிள்' சாட்சி என்று வரும் இடத்திலும் நான் 'நம்பத்தகுந்த' என்றுதான் போட்டிருந்தேன், அதை அவர் தொடவில்லை. அப்படி என்ன வித்தியாசம்?

பழைய வாத்தியார்:
அவர் அடித்தது சரி. கிரெடிபிள் என்பது சொல்கிற ஆளையோ தகவல் வந்த இடத்தையோ நம்பலாமா என்பதைப் பற்றியது. பிளாசிபிள் என்பது சொன்ன கதை பொருந்துகிறதா என்பதைப் பற்றியது. மழைநாளில் ஒரு பையன் முழங்கால் வரை சேற்றோடு வகுப்பு வாசலில் நின்று "பஸ் பாதியிலேயே நின்றுடுச்சு சார், நடந்தே வந்தேன்" என்கிறான். நான் அந்த பஸ்ஸைப் பார்க்கவில்லை, பையன் எப்படிப்பட்டவன் என்றும் தெரியாது, ஆனால் மழை, சேறு, நேரம் எல்லாம் கதையோடு ஒத்துப்போகிறது. இது பிளாசிபிள். அதே பையன் காய்ந்த செருப்போடு வந்து நின்றிருந்தால் இம்பிளாசிபிள். 'பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்' என்கிறோமே, அந்தப் 'பொருந்த'தான் இந்தச் சொல்லின் உயிர். கேப்பையில் நெய் வடிகிறது என்றாலும் தலையாட்டுகிறவர் கிரெடுலஸ், அது தனிச் சொல், அதையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வேர்தேடி:
வேரையும் பாருங்கள். லத்தீனில் 'பிளாடெரே' என்றால் கைதட்டுவது. கைதட்டலைக் குறிக்கும் 'அப்லாஸ்' அதிலிருந்து வந்ததுதான். இன்று 'வெடி' என்று பொருள்படும் எக்ஸ்பிளோடு கூட, நடிகரைக் கைதட்டிக் கூச்சலிட்டு மேடையை விட்டு விரட்டுவது என்ற பொருளில் தொடங்கிய சொல். பிளாசிபிள் முதலில் 'கைதட்டத் தக்க' என்றுதான் இருந்தது, அப்புறம் 'கேட்க நன்றாக இருக்கிற' என்று இறங்கி, இன்றைய பொருளுக்கு வந்தது. அந்தப் பழைய வாசனை இன்னும் போகவில்லை: ஒரு ஆளையே பிளாசிபிள் என்றால் அது பாராட்டு இல்லை, நயமாகப் பேசி நம்பவைக்கிறவர், கொஞ்சம் ஜாக்கிரதை என்று அர்த்தம். 1948இல் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்புக் குழு போட்ட ஒரு உத்தரவிலும் இந்தச் சொல் வருகிறது. ரகசிய நடவடிக்கை வெளியே தெரிந்துவிட்டாலும் 'எங்களுக்குச் சம்பந்தமில்லை' என்று அரசு பொருந்தச் சொல்லிக் கைகழுவும்படி திட்டமிட வேண்டும் என்பதே அதன் சாரம். அதை 'நம்பத்தகுந்த மறுப்பு' என்று பெயர்த்தால் விஷயமே தலைகீழாகிவிடும்.

கருப்புக்கோட்டு:
சட்டத்தில் இந்த வேறுபாட்டை வைத்தே வழக்கு நிற்கும், விழும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2007இல் டுவாம்பிளி வழக்கிலும் 2009இல் இக்பால் வழக்கிலும் சொன்னது இதுதான்: சிவில் வழக்கைத் தொடங்கும் மனுவில் சொல்வது வெறுமனே பாசிபிள் ஆக இருந்தால் போதாது, பிளாசிபிள் ஆக இருக்க வேண்டும், ஆனால் பிராபபிள் அளவுக்குப் போகத் தேவையில்லை. 'நடக்கக்கூடியது' ஒரு முனை, 'பெரும்பாலும் அதுதான்' மறு முனை, நடுவில் நிற்கிறது உங்கள் சொல். நம் ஊர்ப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 41ஆம் பிரிவில், போலீஸ் பிடியாணை இல்லாமல் கைது செய்யும் இடத்தில் வருவது 'கிரெடிபிள்' தகவல். அங்கே 'நம்பத்தகுந்த' சரியாக உட்காரும்.

வைகைக்கரை:
அப்போது 'மின்கசிவு காரணமாக இருக்க வாய்ப்புண்டு' என்று மாற்றட்டுமா?

பழைய வாத்தியார்:
வேண்டாம், அது பாசிபிள் பக்கம் சாய்கிறது. சிகரெட் துண்டுக்கும் வாய்ப்புண்டுதான். மின்கசிவு என்று சொல்ல அவர்கள் என்ன பார்த்தார்கள்?

வைகைக்கரை:
மீட்டர் பெட்டிக்குப் பின்னால் சுவர் கூரை வரை கருகியிருக்கிறது, வயரின் செம்பு உருகி மணிமணியாக உறைந்திருக்கிறது. ஆனால் அது தீ பிடிக்கும் முன்பே உருகியதா, பிடித்த பிறகா என்று தீர்மானிக்க முடியவில்லை என்கிறார்கள்.

பழைய வாத்தியார்:
அப்படியானால் 'மின்கசிவு என்ற விளக்கம் கிடைத்த தடயங்களோடு பொருந்துகிறது' என்று எழுதுங்கள். பொருந்துகிறது என்றுதான் சொல்கிறீர்கள், அதுதான் நடந்தது என்று சொல்லவில்லை.

வைகைக்கரை:
இதுதான் வேண்டும். சாட்சியை 'நம்பத்தகுந்த சாட்சி' என்றே விட்டுவிட்டு, இந்த வரியை மட்டும் திருத்திக் காலையில் அனுப்புகிறேன். மூவருக்கும் நன்றி.