பழைய வாட்சில் 56 என்று முத்திரை: இது என்ன தங்கம்?

மூன்றுமுள்:
ஏலத்தில் ஒரு பெட்டி நிறையப் பழைய பாக்கெட் வாட்சுகள் வாங்கினேன். மூன்று மட்டும் தங்க நிறம். ஒன்றின் பின்மூடிக்குள் 56 என்ற எண், பக்கத்தில் பொடியாக ஒரு பெண் தலை. இன்னொன்றில் 9, .375, ஒரு முக்கோணம். மூன்றாவதில் 14 கேரட், 25 ஆண்டு உத்தரவாதம் என்று பொறித்திருக்கிறது. அதுதான் உசத்தி என்று தனியே எடுத்து வைத்திருக்கிறேன். 56 என்றால் 56 சதவீதமா?

பழையசாவி:
தனியே எடுத்து வைத்ததை மறுபடி பெட்டியிலேயே போட்டுவிடுங்கள்! அது அமெரிக்காவின் 'கோல்டு ஃபில்டு'. நடுவில் பித்தளை, இரண்டு பக்கமும் மெல்லிய தங்கத் தகடு. 14 கேரட் என்பது அந்தத் தகட்டுக்குத்தான். தேய்ந்து பித்தளை தெரிய 25 வருஷம் ஆகும் என்பதே அந்த உத்தரவாதம். நானும் இப்படி ஒன்றை வாங்கி, விளிம்பில் பித்தளை இளித்த பிறகுதான் விழித்துக்கொண்டேன்.

56 சதவீதம் அல்ல. பழைய ரஷ்யாவில் தங்கத்தின் மாற்றை 96 பங்காகக் கணக்கிட்டார்கள், ஒரு பங்குக்கு சொலோத்னிக் என்று பெயர். 56ஐ 96ஆல் வகுத்தால் 0.583, அதாவது 14 கேரட். சோவியத் காலத்தில் இதே தரம்தான் 583 என்ற முத்திரையோடு வந்தது. அந்தப் பெண் எந்தப் பக்கம் பார்க்கிறாள்? இடப்பக்கம் என்றால் 1908க்கு முந்தியது.

375ஐ மட்டமாக நினைக்காதீர்கள். பிரிட்டனில் 1854 முதலே 9 கேரட் சட்டப்படி தங்கம். முக்கோணம் பர்மிங்காமின் இறக்குமதி முத்திரை. 1907 ஜூன் முதல் வெளிநாட்டு வாட்ச் கூடுகளையும் பிரிட்டனில் சோதித்து முத்திரை குத்தியாக வேண்டியிருந்தது. கூடவே ஓர் எழுத்து இருக்கும், அதை வைத்து வருஷம் சொல்லிவிடலாம்.

உரைகல்:
சரிதான், ஆனால் எல்லை தாண்டினால் கதை வேறு. பிரான்சில் 1994 வரை 18 கேரட்டுக்குக் கீழே இருந்தால் தங்கம் என்று சொல்லியே விற்க முடியாது. சுவிஸ் கூடுகளில் எண்ணை விட உருவத்தைப் பாருங்கள். 1880ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 கேரட்டுக்கு ஹெல்வெட்டியா என்ற பெண்ணின் தலை, 14க்கு அணில். 1995இல் இரண்டும் போய் செயின்ட் பெர்னார்டு நாயின் தலை வந்தது.

அப்புறம் உள்மூடியையும் பார்த்துவிடுங்கள். 'மெட்டல்' என்று இருந்தால் அந்த மூடி மட்டும் தங்கமில்லை. மொத்த எடையைத் தங்கக் கணக்கில் போட்டுவிடாதீர்கள்.

மூன்றுமுள்:
லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பெண் இடப்பக்கம்தான் பார்க்கிறாள். உள்மூடியில் 'மெட்டல்' என்று அழகாகப் பொறித்திருக்கிறது. நேற்றே பார்த்திருக்கலாம், தேய்ந்த கீறல் என்று நினைத்துவிட்டேன்.