தந்தை துபாயில், குழந்தையின் ஜீவனாம்சம் 14 மாதமாகப் பாக்கி: எங்கே மனு போடுவது?

நெல்லைத்தென்றல்:
தங்கைக்காகக் கேட்கிறேன். விவாகரத்து முடிந்துவிட்டது. 8 வயது மகளுக்கு மாதம் 15,000 ரூபாய் தரச் சொல்லி குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-ல் போட்ட மனுவில் குடும்பநல நீதிமன்றம் 2022-ல் உத்தரவு போட்டது. குழந்தையின் அப்பா துபாய்க்கு வேலைக்குப் போனபின் 14 மாதமாக ஒரு பைசா வரவில்லை. "ஆளே இங்கே இல்லை, வாரண்ட் வாங்கி என்ன பண்ண?" என்கிறார் வக்கீல். துபாய் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டுமா? பாஸ்போர்ட்டை முடக்க முடியுமா?

கோர்ட்டுக்கட்டு:
துபாய் இருக்கட்டும், முதலில் காலண்டரைப் பாருங்கள். பணம் தரவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட்டால்தான் 125(3)-ல் வாரண்ட் கிடைக்கும் (2024 ஜூலை 1 முதல் இது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 144(3)). அதனால் முதல் இரண்டு மாதத்து 30,000 ரூபாய் இந்த வழியில் ஏற்கெனவே போயாயிற்று. இன்னும் ஒரு மாதம் யோசித்தால் இன்னொரு 15,000 போகும். மனு போட்டுவிட்டால் அதன்பிறகு மாதாமாதம் ஏறும் பாக்கிக்குத் தனித்தனி மனு வேண்டாம், நிலுவையில் இருக்கும் மனுவிலேயே சேர்த்துக் கேட்கலாம். உச்ச நீதிமன்றம் 2005-லேயே இதைச் சொல்லிவிட்டது.

அந்த 30,000-ஐயும் கைகழுவ வேண்டாம். ஜீவனாம்ச உத்தரவை சிவில் டிகிரி (சிவில் கோர்ட்டின் தீர்ப்பாணை) போலவும் நிறைவேற்றலாம் என்று ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பு (4.11.2020) சொல்கிறது. அதைக் காட்டி நிறைவேற்று மனு போடச் சொல்லுங்கள்.

ஆள் இல்லை, சரி. சொத்து? அவர் பெயரில் வீடோ நிலமோ இருந்தால் பதிவுத்துறை தளத்தில் சர்வே எண் கொடுத்து 30 வருடத்துக்கு வில்லங்கச் சான்று எடுங்கள். பதிவான பத்திரங்கள் மட்டும்தான் அதில் வரும். அப்பா இறந்து வாரிசாக வந்த பங்கு தெரியாது, அதற்குப் பட்டா, சிட்டாவையும் பாருங்கள். ஜப்தி உத்தரவு கிடைத்தால் அதன் நகல் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் வில்லங்கத்தில் ஏறிவிட்டதா என்று நேரில் பாருங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். வெளிநாட்டிலிருப்பவர் தம்பிக்கு பவர் எழுதிக் கொடுத்து விற்றுவிட்டால் பிறகு வாங்கியவரோடும் மல்லுக்கட்ட வேண்டிவரும்.

வங்கிக் கணக்கு எது என்று தெரியாவிட்டால் தங்கையின் பழைய பாஸ்புக்கை எடுங்கள். அவர் நெஃப்டில் பணம் போட்ட வரியில் ஒரு யு.டி.ஆர். எண் இருக்கும், அதன் முதல் நான்கு எழுத்து அனுப்பிய வங்கியின் குறியீடு. எந்த வங்கி என்று தெரிந்தால் கணக்கைப் பிடிக்கும் மனுவைக் குறிப்பாக எழுதலாம். வாடகைக்கு விட்ட வீடு இருந்தால் வாடகையை நேராகக் கோர்ட்டில் கட்டச் சொல்லிக் குடித்தனக்காரருக்கும் உத்தரவு வாங்கலாம்.

அமீரகவாசி:
துபாய் பக்கம் சொல்கிறேன். 2020 ஜனவரியில் இந்திய அரசு அமீரகத்தைப் பரஸ்பர நாடாக அறிவித்ததை வைத்து "இனி நம்ம டிகிரி அங்கே செல்லும்" என்று பலர் எழுதுகிறார்கள். தலைகீழ். அந்த அறிவிப்பு அவர்கள் டிகிரியை சிவில் நடைமுறைச் சட்டம் 44ஏ-யில் இங்கே நிறைவேற்றுவதற்கு. நம் டிகிரியை அங்கே கொண்டுபோக 1999-ல் கையெழுத்தான நீதித்துறை ஒத்துழைப்பு ஒப்பந்தம்தான் ஆதாரம்.

அது சிவில், வணிக விவகாரங்களுக்கான ஒப்பந்தம். 125 உத்தரவு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் வந்தது, அங்கே எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது இதைத்தான். இந்துக்களாக இருந்தால் இந்து திருமணச் சட்டம் 26-லோ, தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் 20-லோ ஒரு சிவில் டிகிரி வாங்கிவைப்பது நல்லது. இரண்டாவது, சம்மன் முறையாக அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததற்கான ஆதாரம். எக்ஸ்பார்ட்டி (அவர் ஆஜராகாமலே போட்ட) உத்தரவு, சம்மன் வாட்ஸ்அப்பில் மட்டும் போனது என்றால் அங்கே நிற்பது கஷ்டம். மூன்றாவது, சான்றொப்பம். ஒரே முத்திரையில் வேலை முடியும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் அமீரகம் இல்லை. மாநில அரசு, இந்திய வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று வரிசையாக முத்திரை வாங்கி, அங்கே உரிமம் பெற்றவரிடம் அரபி மொழிபெயர்ப்பும் எடுக்க வேண்டும். மாதம் 15,000-க்கு இந்தச் செலவு கட்டுமா என்று கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள்.

நெல்லைத்தென்றல்:
நன்றி. வீடு அவர் அப்பா பெயரில், அப்பா உயிரோடு இருக்கிறார். பாஸ்போர்ட் விஷயம்?

பாளையங்கோட்டை வக்கீல்:
அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு என்றால் தொட முடியாது. பூர்வீகச் சொத்து என்றால் மகனின் பங்கு மட்டும் ஜப்திக்கு வரும், மூலப் பத்திரத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பாஸ்போர்ட் சட்டம் 10(3)(எச்)-ல் வழி இருக்கிறது. கோர்ட் வாரண்டோ ஆஜராகச் சொல்லும் சம்மனோ பிறப்பித்திருப்பது பாஸ்போர்ட் அதிகாரியின் கவனத்துக்கு வந்தால் அவர் முடக்கலாம். அதனால் "ஆள் இல்லை, வாரண்ட் எதற்கு" என்ற வாதம் சரியில்லை, வாரண்ட் இருந்தால்தான் இந்தக் கதவே திறக்கும். சான்றிட்ட நகலுடன் மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு மனு கொடுக்க வேண்டும்.

ஆனால் எடுத்தவுடன் இதைச் செய்யாதீர்கள் என்பது என் கருத்து. பாஸ்போர்ட் போனால் விசா புதுப்பிக்க முடியாது, விசா போனால் வேலை போகும், வேலையில்லை என்று சொல்லி பி.என்.எஸ்.எஸ். 146-ல் தொகையைக் குறைக்க மனு போடுவார். வாரண்ட் நகலோடு வக்கீல் நோட்டீஸ் அனுப்பி 30 நாள் கொடுங்கள், பெரும்பாலும் அதிலேயே பேச்சுக்கு வருவார்கள். அவர் ஊருக்கு வந்து சிக்கினால் ஒரு மாதம் வரை சிறை உண்டு. உள்ளே இருந்துவிட்டு வந்தாலும் பாக்கி கழியாது.

தொகையைக் கூட்டவும் அதே 146-ல் இப்போதே கேளுங்கள். ரஜ்னேஷ் தீர்ப்பின் சொத்து, வருமான அஃபிடவிட்டில் வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத் தனிப் பகுதி உண்டு, அதில் அவர் திர்ஹாம் சம்பளத்தைக் காட்டியாக வேண்டும். வக்கீல் செலவு பிரச்சினை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அங்கே வருமான வரம்பு கிடையாது. 2022 உத்தரவின் சான்றிட்ட நகல், பணம் நின்ற மாதத்திலிருந்து வங்கி ஸ்டேட்மெண்ட், பள்ளிக் கட்டண ரசீதுகள், இந்த மூன்றையும் கையோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள்.